ஒன்றரை அடி மீன்தொட்டி: தண்ணீரின் தன்மை மாறாமல் காப்பது எப்படி?

புதிதாக வண்ண மீன் வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியைத்தான். கணக்குப்படி அதில் 40 லிட்டர் பிடிக்கும் என்றாலும், அடியில் பரப்பும் கல், உள்ளே வைக்கும் ஃபில்டர், மேலே விடும் நான்கு விரற்கடை இடைவெளி எல்லாம் போக மீனுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 30 லிட்டர் தண்ணீர். இவ்வளவு குறைந்த தண்ணீரில் எந்த மாற்றமும் விரைவாக நடந்துவிடும். கூடுதலாகப் போட்ட ஒரு சிட்டிகை உணவு, கல்லிடுக்கில் கவனிக்கப்படாமல் செத்துக் கிடக்கும் ஒரு மீன், அரை நாள் நின்றுபோன மின்சாரம் என இவற்றில் எது நேர்ந்தாலும் மறுநாளே அது தண்ணீரில் தெரியும். இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் அனைத்தும் 30 லிட்டர் நன்னீருக்கானவை. எடுத்துக்காட்டுகள் சென்னையில் கிடைக்கும் தண்ணீரை வைத்துச் சொல்லப்பட்டவை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்தான் பி.எச். அது 7.2 உள்ள தண்ணீரிலும் கப்பி என்னும் சிறு வண்ண மீன் வளரும், 8.2 உள்ள தண்ணீரிலும் வளரும்; ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே மணி நேரத்தில் மாற்றினால் அதே கப்பி துவண்டுவிடும். ஆகவே ஏதோ ஓர் இலட்சிய எண்ணை எட்டுவதற்காக மருந்து ஊற்றிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு இயல்பாக அமையும் எண் வாரந்தோறும் அதே இடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே முக்கியம். கடைகளில் கிடைக்கும் 'பி.எச். அப்', 'பி.எச். டவுன்' குப்பிகளைப் புதியவர்கள் வாங்காமலேயே இருக்கலாம் என்பது என் கருத்து.

வீட்டுத் தண்ணீரைச் சோதித்தல்

தொட்டியை நிரப்புவதற்கு முன்பே ஒரு சோதனைப் பெட்டி வாங்கிவிடுங்கள். தாள் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் வகை விலை குறைவு, துல்லியமும் குறைவு. சொட்டு மருந்து விட்டுச் சோதிக்கும் திரவ வகையே நம்பத்தக்கது. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச்., கே.எச். ஆகிய ஐந்தும் தேவை. ஒரே சமயத்தில் அனைத்தையும் வாங்க முடியாதவர்கள் அமோனியாவையும் கே.எச்.சையும் முதலில் வாங்கலாம். கே.எச். என்பது கார்பனேட் கடினத்தன்மை. தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகளின் அளவை அது காட்டுகிறது. பொதுவாக அந்தச் சோதனை 5 மி.லி. தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக மருந்தை விட்டுக் குலுக்குவதுதான். நீலமாக இருந்த தண்ணீர் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாக மாறுகிறதோ அத்தனை டிகிரி கே.எச். என்று கொள்ள வேண்டும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். நைட்ரேட் சோதனையில் மட்டும் ஒரு கவனம் தேவை: அதன் இரண்டாவது குப்பியில் உள்ள பொருள் அடியில் படிந்துவிடும் தன்மையுடையது என்பதால், அரை நிமிடமாவது நன்றாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் நைட்ரேட் இருந்தும் இல்லை என்றே காட்டும்.

குழாயிலிருந்து பிடித்த உடனே ஒருமுறை பி.எச். பாருங்கள்; அதே தண்ணீரை வாளியில் திறந்து வைத்து, 24 மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். போர் தண்ணீரில் நிலத்தடியிலிருந்தே கரியமில வாயு கரைந்திருப்பதால், பிடித்தவுடன் 7.0 என்று காட்டும் தண்ணீர் மறுநாள் 8.0 என்று காட்டக்கூடும். உங்கள் தொட்டி போய் நிற்கப்போவது இரண்டாவது எண்ணில்தான்.

சென்னை வீடுகளில் பொதுவாக மூன்று வகைத் தண்ணீர் இருக்கும். குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். பூண்டி, செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளின் நீரும் மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்ட கடல்நீரும் பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப வருவதால், மழைக்காலத்தில் பார்த்த எண்ணைக் கோடையிலும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. போர் தண்ணீரில் குளோரின் இராது. பல இடங்களில் கடினத்தன்மை மிகுதியாக இருக்கும். கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டிருக்கும். 'மனிதர் குடிக்கும் தண்ணீர் மீனுக்கு இன்னும் நல்லதுதானே' என்று கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றித் தொட்டியை நிரப்புபவர்கள் உண்டு. அது தெளிவாக இருக்கும், ஆனால் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்க அதில் எதுவும் இல்லாததால் சில வாரங்களில் அமிலத்தன்மை ஏறிவிடும்.

போர் தண்ணீர் உள்ள வீட்டில் கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்பதே எளிது, ஏனெனில் இவை கடினத் தண்ணீரை விரும்பும் மீன்கள். கடினத்தன்மை குறைந்த தண்ணீரை விரும்பும் நியான் டெட்ரா மீனை வளர்க்க நினைப்பவர்கள் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துகொள்ளலாம்: கே.எச். 15 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்குடன் ஆர்.ஓ. இரண்டு பங்கு சேர்த்தால் கே.எச். 5 அளவில் நிற்கும். ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தில் கலக்கும் பொறுமை இருந்தால் மட்டுமே இதில் இறங்க வேண்டும். பாதாம் மரத்தின் காய்ந்த இலையைப் போட்டால் பி.எச். இறங்கும் என்று சொல்வார்கள், கே.எச். குறைவான தண்ணீரில் ஓரளவு இறங்கும், போர் தண்ணீரில் நிறம் மட்டுமே மாறும்.

மீன் விடுவதற்கு முன்: பாக்டீரியாவை வளர்த்தல்

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; மிச்ச உணவும் கழிவும் அழுகி அதையே தருகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்பதை 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அமோனியாவும் நைட்ரைட்டும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் கல்லின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்பவை, தண்ணீரில் மிதப்பவை சொற்பம். எனவே நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி பழைய தண்ணீர் கொண்டுவருவதால் பயன் அதிகம் இல்லை. அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகினால் வாரக்கணக்கில் காத்திருப்பு குறையும்.

இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு மீனைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அமோனியம் குளோரைடு இருந்தால் போதும். ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம்தான் அது. ஆனால் பாத்திரக் கடைத்தெருவில் கிடைக்கும் நவச்சாரத்தில் வேறு உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் தூய்மையானதை வாங்குவது பாதுகாப்பானது. அதில் 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டியை நிரப்பி, குளோரினை நீக்கி, ஃபில்டரை ஓடவிட்ட பிறகு அந்தக் கரைசலில் 20 மி.லி. ஊற்றினால் 30 லிட்டரில் அமோனியா ஏறத்தாழ 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) ஆகும்.

முதல் சில நாள்கள் எந்த மாற்றமும் தெரியாது. பிறகு அமோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். அமோனியா தீர்ந்தவுடன் மீண்டும் அதே அளவு கரைசலை ஊற்ற வேண்டும். நைட்ரைட் ஏறி நிற்கும் காலம்தான் மிக நீளமானது, பலரும் பொறுமை இழப்பதும் இங்கேதான். வழக்கமாக மூன்று முதல் ஆறு வாரங்களில், ஊற்றிய 2 பி.பி.எம். அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்துவிடும் நிலை ஏற்படும். நடுவில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டால் கே.எச்.சைச் சோதியுங்கள்; அது மிகவும் குறைந்தால் பாக்டீரியாக்களின் வேலையும் தடைபடும். நிலை கூடிய பிறகு, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டை வெளியேற்ற முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றி, மறுநாள் மீனை விடலாம். அந்த இடைவெளி நீண்டால் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும்.

கே.எச். ஏன் இவ்வளவு முக்கியம்

தொட்டியில் பி.எச். ஏறி இறங்காமல் பிடித்து வைத்திருப்பது பைகார்பனேட். பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைப் பைகார்பனேட் ஏற்றுக்கொண்டு தான் செலவாகிவிடுகிறது. வங்கிக் கணக்கில் பணம் இருக்கும்வரை காசோலை திரும்பாததைப் போல, கே.எச். இருக்கும்வரை பி.எச். அசையாது, அது தீர்ந்த நாளில் பி.எச். சடசடவென்று இறங்கும்.

எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். புரதம் 40 விழுக்காடு உள்ள மீன் உணவு ஒரு கிராமில் நைட்ரஜன் ஏறத்தாழ 64 மி.கி. இருக்கும். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 30 லிட்டர் தண்ணீரில் நைட்ரேட் சுமார் 9 பி.பி.எம். உயரும், கே.எச். ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். மீனின் உடலில் தங்குவதும் செடிகள் எடுத்துக்கொள்வதும் போக உண்மையில் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்றாலும், ஒவ்வொரு கிராம் உணவுக்கும் ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் பிழை பாதுகாப்பான பக்கத்தில் இருக்கும். கே.எச். 12 உள்ள போர் தண்ணீர்த் தொட்டி பல வாரம் தாங்குவதும், கே.எச். 1 உள்ள கேன் தண்ணீர்த் தொட்டி இரண்டே வாரத்தில் நிலைகுலைவதும் இந்தக் கணக்கால்தான்.

பி.எச். இறங்குவதில் மறைந்துள்ள ஆபத்து ஒன்று உண்டு. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது: செவுள் வழியே எளிதில் உட்புகும் நச்சு வடிவம் ஒன்று, அவ்வளவு தீங்கில்லாத அமோனியம் மற்றொன்று. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் 0.6 விழுக்காடுதான் நச்சு வடிவில் இருக்கும்; பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். இப்போது ஆறு மாதம் கவனிக்கப்படாத ஒரு தொட்டியை எண்ணிப் பாருங்கள். கே.எச். தீர்ந்து, பி.எச். 6க்குக் கீழே போய், பாக்டீரியாக்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்தியதால் அமோனியம் சேர்ந்திருக்கும்; மெதுவாக நடந்த மாற்றம் என்பதால் மீன்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மனம் வந்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பி.எச். 8 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றுகிறார். சேர்ந்திருந்த அமோனியத்தில் ஒரு பகுதி சில நிமிடங்களில் நச்சாக மாறுகிறது, மாலைக்குள் மீன்கள் மிதக்கின்றன. 'தண்ணீர் மாற்றினால் மீன் செத்துப்போகும்' என்று பலர் உறுதியாக நம்புவதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம். அப்படிப்பட்ட தொட்டியில் நாளுக்குப் பத்து விழுக்காடு வீதம், ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

கே.எச். 4க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்த்துவதற்குச் சமையல் சோடா போதும்: 30 லிட்டரில் ஒரு டிகிரி உயர்த்த 0.9 கிராம், அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. தனிக் குவளையில் கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது. பேக்கிங் பவுடர், சலவைச் சோடா இரண்டும் வேறு பொருள்கள், தொட்டிக்கு ஆகாதவை. ஒவ்வொரு வாரமும் சோடா கரைக்கச் சலிப்பாக இருந்தால், கழுவிக் காயவைத்த கிளிஞ்சலை ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வைக்கலாம். பி.எச். இறங்க இறங்க அது கூடுதலாகக் கரைந்து தானே ஈடுசெய்யும். பவளத் துண்டு வேண்டாம். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

வாராந்தரத் தண்ணீர் மாற்றம்

நம் வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியை முழுவதும் கவிழ்த்து, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பும் வழக்கம் இருக்கிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி குழாய்த் தண்ணீரோடு போய்விடும். தொட்டியை ஒருபோதும் கவிழ்க்க வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறை கால் பங்கு, அதாவது ஏழெட்டு லிட்டர் மாற்றினால் போதும். வாரத்துக்கு நைட்ரேட் 10 பி.பி.எம். வீதம் ஏறும் தொட்டியில் வாரந்தோறும் கால் பங்கு மாற்றிவந்தால், நாளடைவில் நைட்ரேட் 40 பி.பி.எம்.மைத் தொட்டு, மாற்றியதும் 30க்கு இறங்கி, அந்த இரண்டுக்கும் நடுவிலேயே நின்றுவிடும். குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 40 என்பது நான் மேல்வரம்பாகக் கொள்ளும் அளவு. 20 ஆக்க விரும்பினால் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், அல்லது உணவைப் பாதியாக்க வேண்டும். இரண்டாவது வழி சுலபமானது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் உணவு என்பது விதி. 30 லிட்டருக்கு ஆண் கப்பிகள் ஆறு போதும், கோல்டு ஃபிஷ் ஒன்றுகூட வேண்டாம்.

செய்முறை எளிது. சைஃபன் குழாயைக் கல்லுக்குள் செருகிச் செருகி எடுத்து, அடியில் தங்கிய கழிவோடு தண்ணீரை வாளியில் இறக்குங்கள். ஃபில்டர் பஞ்சு அடைத்திருந்தால், இறக்கிய அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். புதுத் தண்ணீர் மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு சேருங்கள். அதில் இருப்பது புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று அழைத்த சோடியம் தயோசல்ஃபேட்; குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும். ஒரு நாள் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓட்டினாலும் குளோரின் போய்விடும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது, அங்கே குழாய்த் தண்ணீரில் சேர்க்கப்படும் குளோரமைன், அதாவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள், காற்றில் அவ்வளவு எளிதில் வெளியேறாது. அமோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வெப்பத்தையும் பாருங்கள். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். முந்தின இரவே பிடித்து, தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்துவிட்டால் காலைக்குள் இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்திருக்கும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. கோடையில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி வாரத்துக்கு ஓரிரு லிட்டர் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கரைந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை மறுபடியும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், கண்ணாடியின் நீர்மட்டத்தில் வெள்ளைக் கோடு படியும். குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர், வாராந்தர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீருக்கு மீன்தொட்டியில் உள்ள சரியான இடம் இதுதான்.

ஏதேனும் தவறினால்

மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மருந்தைத் தேடுவதற்கு முன் அமோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் சோதியுங்கள். பி.எச். வழக்கமான இடத்திலேயே இருந்து அமோனியா 0.5 பி.பி.எம்.மைத் தாண்டியிருந்தால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் உணவை நிறுத்துங்கள். பி.எச். வெகுவாக இறங்கியிருந்தால் மேலே சொன்ன பத்து விழுக்காட்டு முறையே பொருந்தும். நைட்ரைட் இருந்தால் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாததாக மாற்றுகிறது, செவுள் பழுப்பாகத் தெரியும். பாதித் தண்ணீர் மாற்றத்தோடு, அயோடின் சேர்க்காத கல்லுப்பு ஒரு தேக்கரண்டியை 30 லிட்டருக்குக் கரைத்து ஊற்றினால், உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும்.

மூன்றும் சரியாக இருந்தால் குறைவது பெரும்பாலும் ஆக்ஸிஜன்தான். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. வரை கரையும் ஆக்ஸிஜன் 30 டிகிரியில் 7.6 மி.கி.தான் கரையும். அதே வெப்பத்தில் மீன்களின் தேவையோ கூடியிருக்கும். மின்வெட்டு நேரத்தில் இது இன்னும் மோசமாகும், ஏனெனில் மீன்களைப் போலவே ஃபில்டர் பஞ்சின் பாக்டீரியாக்களும் ஆக்ஸிஜனை நம்பியே இருக்கின்றன. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. அது இல்லாதபோது ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கலாம். மூடிய பெட்டி வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசிய பிறகே இணைப்புக் கொடுங்கள். அன்று உணவு போட வேண்டாம், மறுநாள் காலையில் அமோனியாவைச் சோதித்துப் பூஜ்யம் என்று கண்ட பிறகு வழக்கமான அளவில் போடலாம்.